தறிச் சத்தம் கேட்கும் சென்னிமலை... ஒட்டுத்துணியில் ஒரு மலை!

பெருந்துறையிலிருந்து காங்கேயம் சாலையில் தெற்கு நோக்கிப் போனால், ஊர் வருவதற்கு முன்பே மலை வந்துவிடுகிறது. சுற்றிலும் சமவெளி, நடுவில் ஒற்றையாய் எழுந்து நிற்கும் குன்று, அதன் உச்சியில் கோபுரம். அதுதான் சென்னிமலை. ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரை இரண்டு வகை மனிதர்கள் தேடி வருகிறார்கள். முதல் வகை, முருகனைப் பார்க்க வருபவர்கள். இரண்டாவது வகை, போர்வை வாங்க வருபவர்கள். பெரும்பாலானோர் முதல் வேலையை முடித்துவிட்டு, மலையிலிருந்து இறங்கியதும் இரண்டாவது வேலையையும் முடித்துக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் நிறைய வீடுகளின் பீரோவில், அடுக்கின் அடியில், சென்னிமலைப் போர்வை ஒன்று இருக்கும். கல்யாணச் சீராக வந்ததாகவோ கூட்டுறவுக் கடையில் தள்ளுபடியில் வாங்கியதாகவோ இருக்கலாம். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். பத்து, பதினைந்து வருடம் உழைத்து ஓரம் கிழிந்த பிறகும் தூக்கிப்போட மனசு வராது. அந்தக் கிழிந்த போர்வையிலிருந்து சுவரில் மாட்டும் ஒரு சின்னக் கலைப்பொருளை வீட்டிலேயே செய்ய முடியும். அதைச் செய்வதற்கு முன், அந்தத் துணி பிறந்த ஊரை ஒரு சுற்று சுற்றி வரலாம்.

1320 படிகள்

அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 1320 படிகள். ஏற முடியாதவர்களுக்கு வாகனப் பாதையும் உண்டு. விடியற்காலையில் படியேறினால் வெயிலும் தெரியாது, மூச்சும் அவ்வளவாக வாங்காது. வழியெங்கும் மண்டபங்கள் இருக்கின்றன, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். சுவாமியின் அபிஷேகத்துக்கு வேண்டிய தீர்த்தத்தை அடிவாரத்திலிருந்து பொதிகாளைகள் படி வழியாகவே சுமந்து செல்லும் வழக்கம் இந்தக் கோயிலுக்கு உண்டு.

சிரகிரி என்பது இந்த மலையின் இன்னொரு பெயர். சிரம் என்றாலும் சென்னி என்றாலும் தலைதான். ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் நடந்த பலப்பரீட்சையில் மேரு மலையின் சிகரம் முறிந்து இங்கே வந்து விழுந்தது என்கிறது தல புராணம். தேவராய சுவாமிகள் கந்த சஷ்டி கவசத்தை அரங்கேற்றிய தலம் இது என்பது பக்தர்களின் நம்பிக்கை. முருகன் சந்நிதிக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறினால் வள்ளி, தெய்வானை சந்நிதி. அதையும் தாண்டினால் பின்நாக்குச் சித்தர் குகை.

மூலவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சிலையில் முகம் அத்தனை அழகு. ஆனால், இடுப்புக்குக் கீழே வேலைப்பாடு முடியாமல் கரடுமுரடாக இருந்ததாம். சரிசெய்துவிடலாம் என்று உளியை வைத்தபோது ரத்தம் பீறிட்டதாம். பதறிப்போய் அப்படியே நிறுத்தி, இருக்கும் கோலத்திலேயே பிரதிஷ்டை செய்தார்கள் என்கிறது தல வரலாறு. முழுமை பெறாத ஒன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்ட ஊர் இது. கையால் செய்யும் எந்த வேலைக்கும் இந்தக் கதை பொருந்தும்.

கொடி பிடித்த கையும் தறி பிடித்த கையும்

மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்தால், கடைவீதி முழுக்க ஜவுளிக் கடைகளும் கூட்டுறவு விற்பனை நிலையங்களும்தான். உள் தெருக்களுக்குள் போனால் 'டக்... டக்...' என்று தறிச் சத்தம். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட சத்தம் இது. இப்போது சில வீடுகளில் மட்டும்தான்.

கொடிகாத்த குமரன் பிறந்த ஊர் சென்னிமலை என்பது நிறைய பேருக்கு நினைவிருக்காது. திருப்பூர் குமரன் என்றே பெயர் நிலைத்துவிட்டதால் வந்த மறதி அது. 1904 அக்டோபர் 4-ம் தேதி இங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தானும் தறியில் உட்கார்ந்தவர். பிழைப்புக்காகத் திருப்பூர் போனவர், 1932 ஜனவரி மாதம் ஊர்வலத்தில் போலீஸ் தடியடிபட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. ஜனவரி 11-ம் தேதி உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27. 2004-ல் நூற்றாண்டை ஒட்டி அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது மத்திய அரசு.

சென்னிமலையின் இன்னொரு பெரிய பெயர், பத்மஸ்ரீ எம்.பி.நாச்சிமுத்து. தனித்தனியாக நூல் வாங்கி, தனித்தனியாக விற்று, இடையில் இருப்பவர்களிடம் சிக்கிக்கொண்டிருந்த நெசவாளர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்த்ததில் அவருடைய பங்கு பெரிது. 'சென்டெக்ஸ்' என்ற பெயரை உள்ளூரில் இன்றும் பெருமையோடுதான் சொல்கிறார்கள். சென்னிமலையில் இருக்கும் பொறியியல் கல்லூரி ஒன்று அவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.

கூட்டுறவு முறை எளிமையானது. சங்கம் நூல் கொடுக்கும். நெசவாளி வீட்டுத் தறியில் நெய்து, துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். விற்பது சங்கத்தின் பொறுப்பு. விற்காமல் தேங்கினால் அடுத்த பாவுக்கு நூல் வருவது தாமதமாகும், தறி சும்மா நிற்கும். கடையில் ஒரு போர்வை விலைபோவதற்கும் ஏதோ ஒரு தெருவில் அடுப்பு எரிவதற்கும் இருக்கும் தொடர்பு அவ்வளவு நேரடியானது.

ஒரு போர்வைக்குள் எத்தனை கைகள்?

கடையில் மடித்து வைத்திருக்கும் போர்வையைப் பார்த்தால், 'ஒருத்தர் நெய்தது' என்றுதான் தோன்றும். உண்மையில் ஒரு குடும்பமே அதற்குள் இருக்கிறது.

சிட்டம் சிட்டமாக வரும் நூலுக்கு முதலில் சாயம் போட்டுக் காயவைக்க வேண்டும். பிறகு ராட்டையில் சுற்ற வேண்டும். நீளவாக்கில் போகும் பாவு நூலை ஓட்டித் தயார்செய்து, ஒவ்வோர் இழையாகத் தறியில் பிணைக்க வேண்டும். குறுக்கே போகும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்ற வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்களும் வயதானவர்களும் செய்வது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் நெசவாளி தறியில் உட்காருகிறார். கால் மிதியை அழுத்த, பாவு இரண்டாகப் பிரிய, நாடா குறுக்கே ஓட, அச்சு வந்து 'டக்' என்று அடிக்க... ஓர் இழை சேர்கிறது. பூ வேலைப்பாடு வேண்டுமென்றால் தறிக்கு மேலே டாபியோ ஜக்கார்டு பெட்டியோ இருக்கும். அட்டையில் இருக்கும் துளைகள்தான் எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

இந்தப் பகுதிக்கும் நூலுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடும் ஊர். அங்கே 1985-லிருந்து பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய தடயங்கள், கல்மணிகள், தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகள் ஆகியவற்றோடு சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் யாரோ நூல் நூற்றிருக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது... சந்தை?

'போர்வைக்கு இவ்வளவு விலையா?' என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. பக்கத்துக் கடையிலேயே பாதி விலைக்கு அதேபோல ஒன்று தொங்கும். அது பெரும்பாலும் விசைத்தறியில் ஓடியதாக இருக்கும். விசைத்தறியில் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடியும். கைத்தறியில் ஓர் ஆளுக்கு ஒரு தறிதான். விலையில் போட்டிபோட கைத்தறியால் எந்தக் காலத்திலும் முடியாது.

அதனால்தான் 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். வழக்குகள் நடந்து, 1993-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்போது ஒதுக்கீட்டில் இருக்கும் 11 ரகங்களில் படுக்கை விரிப்பும் ஜமுக்காளமும் அடக்கம். ஆனாலும், கைத்தறி ரகங்கள் விசைத்தறியில் ஓடுகின்றன என்ற புகார் கொங்கு வட்டாரத்தில் ஓயவே இல்லை.

நாடு முழுவதும் 2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் 70 சதவிகிதத்துக்கும் மேல் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்த ஒரு வரி போதும், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏன் பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பஸ் ஏறுகிறார்கள் என்று புரிந்துகொள்ள.

சீட்டித் துணி செய்த சேட்டை!

போர்வையிலிருந்து ஒட்டுத்துணிக்கு வருவோம். பழைய துணிகளை அடுக்கி, துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு, மேலே ஓட்டுத் தையல் போட்டு எடுக்கும் விரிப்பை உலகம் 'க்வில்ட்' என்கிறது. நம் வீடுகளில் பாட்டியின் பருத்திச் சேலையை நாலாக மடித்து, ஓரம் தைத்து, பிறந்த குழந்தைக்கு விரித்தார்களே... அதுவும் இந்தக் குடும்பம்தான்.

வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி என்று ஊருக்கொரு பெயர். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் செய்யும் 'கவந்தி' தனி அழகு. ஓரத்திலிருந்து தொடங்கி நடுப்பகுதியை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலைகளிலும் துணியை மடித்து ஒரு பூ வைப்பார்கள். அது இல்லாத விரிப்பு, அவர்கள் கணக்கில் துணி உடுத்தாத பிள்ளை மாதிரி!

தமிழ்நாட்டுக்கு என்று ஒட்டுத்துணிக் கலை இல்லையா? தேர்த் திருவிழாவில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். தேரில் தொங்கும் தொம்பைகளும் சீலைகளும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று வெட்டிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தவைதானே? தஞ்சை, கும்பகோணம் பகுதியில் இன்றும் அதைத் தைக்கும் கைகள் இருக்கின்றன.

துணியில் அச்சும் வண்ணமும் ஏற்றும் கலையில் சோழமண்டலக் கரைக்கு உலகப் புகழ் உண்டு. நம் பாட்டிமார் 'சீட்டிப் பாவாடை' என்று சொன்ன அதே சீட்டியைத்தான் ஆங்கிலேயர்கள் 'சின்ட்ஸ்' என்றார்கள். துவைத்தாலும் சாயம் போகாத இந்தப் பூத்துணியைப் பார்த்து ஐரோப்பா சொக்கிப்போனது. கட்டிலுக்கு விரித்தார்கள், சன்னலுக்குத் தொங்கவிட்டார்கள், உடுத்தினார்கள். உள்ளூர் நெசவாளர்கள் 'எங்கள் பிழைப்பு போகிறது' என்று கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. பிரான்ஸில் 1759 வரையிலும் இங்கிலாந்தில் 1774 வரையிலும் அந்தத் தடை நீடித்தது. கையால் செய்யும் தொழிலைக் காப்பாற்ற அரசு சட்டம் போடுவது சென்னிமலைக்கு மட்டும் நேர்ந்ததல்ல!

கிடைப்பதற்கு அரிதான இந்திய சீட்டியைப் பெண்கள் வீணாக்கவில்லை. அதிலிருந்த பூ, பறவை, மரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கத்தரித்து, வெறும் வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, புதிய விரிப்பு செய்தார்கள். அச்சுத் துணியைக் கொண்டு க்வில்ட் செய்யும் கலை இப்படிப் பற்றாக்குறையிலும் வளர்ந்தது.

கூட்டுறவுக்கும் க்வில்ட்டுக்கும்கூட ஓர் உறவு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பினப் பெண்கள் 1966-ல் 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வாக்குரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பகுதியில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊரின் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த விரிப்புகள் 2002-லிருந்து பெரிய அருங்காட்சியகங்களின் சுவர்களை அலங்கரித்தன. 2006-ல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் அவை இடம்பிடித்தன. குளிருக்குப் போர்த்தியது, கலையாக மாறிவிட்டது.

வீட்டிலேயே ஒரு சென்னிமலை

ஓரம் கிழிந்த போர்வை ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். 12 அங்குலச் சதுரத்தில் ஒரு சின்னச் சுவர் க்வில்ட் செய்துவிடலாம். தையல் மெஷின் கட்டாயமில்லை. குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டால் விடுமுறையின் இரண்டு நாள்கள் போவதே தெரியாது.

தேவையானவை: கோடு போட்ட அல்லது கட்டம் போட்ட பழைய கைத்தறிப் போர்வை, வெளிர் நிறப் பருத்தித் துணி, நடுவில் வைக்க ஒரு பழைய டவல், துணிக்கான வண்ணம் இரண்டு அல்லது மூன்று நிறங்கள், ஊசி, கெட்டி நூல், ஊக்குகள்.

முதல் வேலை, துணிகளை எல்லாம் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுவது. புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போகும்வரை அலச வேண்டும். கஞ்சி இருந்தால் வண்ணம் உள்ளே இறங்காது. முதல் அலசலில் துணி சுருங்கவும் செய்யும். தைத்த பிறகு சுருங்குவதைவிட இப்போதே சுருங்கிவிடுவது நல்லது.

அடுத்தது அச்சு. மர அச்சு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சமையலறையே போதும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, முக்கோணமாகச் செதுக்கினால் வேல். மரத்துண்டில் சணல் கயிற்றைச் சுற்றினால் தறி இழை போன்ற கோடுகள். காய்களின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் வண்ணத்தில் வைக்க வேண்டும். வண்ணத்தில் நேரடியாக முக்கினால் அப்பிக்கொள்ளும். ஒரு தட்டில் ஸ்பாஞ்சை வைத்து, அதில் வண்ணத்தைத் தடவி, அதன்மேல் அச்சை ஒற்றி எடுக்கவும். துணிக்கு அடியில் மடித்த போர்வையையோ பழைய செய்தித்தாள் அடுக்கையோ வைத்தால் அச்சு முழுசாக விழும். ஒரு துண்டில் ஒத்திகை பார்த்துவிட்டு, வெளிர் துணியில் அச்சடிக்கவும்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துணியைத் திருப்பிப்போட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் வண்ணம் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பது வண்ண டப்பாவிலேயே இருக்கும்.

இனி வெட்டுவது. 5 அங்குலச் சதுரங்கள் ஒன்பது வேண்டும். அச்சடித்த துணியில் நான்கு, போர்வையில் ஐந்து. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, அரை அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கவும். கால் அங்குலம் விட்டால் போதாதா என்று கேட்கலாம். கைத்தறித் துணியின் வெட்டு முனை சீக்கிரம் இழை பிரியும். அதனால்தான் அரை அங்குலம். ஒன்பதையும் சேர்த்தால் 13 அங்குலச் சதுரம் கிடைக்கும்.

இப்போது மலை. போர்வையின் அடர் நிறப் பகுதியில், அடி 9 அங்குலமும் உயரம் 6 அங்குலமும் இருக்கும்படி ஒரு குன்று வடிவத்தை வெட்டவும். சரியான முக்கோணமாக இருக்க வேண்டியதில்லை, எந்த மலையும் அப்படி இல்லை. ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, சதுரத்தின் கீழ்ப்பகுதியில் வைத்துச் சின்னத் தையலாகத் தைக்கவும். தொம்பையில் துணிமேல் துணி வைப்பது இதே முறைதான்.

பின்பக்கத் துணியும் டவலும் 15 அங்குலச் சதுரமாக இருக்கட்டும். அடியில் துணி, நடுவில் டவல், மேலே அலங்காரத் துணி என்று அடுக்கி, நகராமல் ஊக்குக் குத்தவும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வரவும். ஓரத்திலிருந்து தொடங்கினால், பழகாத கைக்கு நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். மலைமேல் வளைந்து வளைந்து ஒரு தையலை ஓட்டினால் அதுதான் படிப்பாதை. மலையைச் சுற்றி விரல் இடைவெளியில் அதே வளைவில் இன்னும் சில வரிசைகளை ஓட்டினால், தையல் விழுந்த இடம் பள்ளமாகவும் விழாத இடம் மேடாகவும் எழுந்து நிற்கும். க்வில்ட்டின் அழகே அந்த மேடு பள்ளம்தான்.

கடைசியாக, 13 அங்குலத்துக்கு ஓரங்களைச் சமமாக வெட்டவும். இரண்டே கால் அங்குல அகலத்தில், மொத்தம் 58 அங்குல நீளம் வரும்படி போர்வைத் துணியை இணைத்துப் பட்டி செய்துகொள்ளவும். முன்பக்கம் அரை அங்குலம் விட்டுத் தைத்து, பட்டியைப் பின்னால் திருப்பி, முனையை உள்ளே மடித்து, கையால் எம்மிங் செய்தால் 12 அங்குல க்வில்ட் தயார். பின்பக்கம் மேலே ஒரு துணிக்குழாயைத் தைத்து, அதில் மெல்லிய குச்சியைச் செருகினால் சுவரில் மாட்டிவிடலாம்.

தையல் கோணலாகப் போகும். அச்சு ஓரிடத்தில் அழுந்தியும் இன்னோர் இடத்தில் மங்கியும் விழும். பிரிக்க வேண்டாம். மலைமேல் இருக்கும் முருகனிடம் உளியை நிறுத்திக்கொண்ட கதை நினைவிருக்கட்டும்!

வண்ணத்தின் விலை

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வண்ணம் தட்டில் மிஞ்சினால் அப்படியே சாக்கடையில் கொட்டிவிட வேண்டாம். காகிதத்தில் துடைத்துக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள், பிறகு தட்டைக் கழுவுங்கள். 'ஒரு கரண்டி வண்ணத்தால் என்ன ஆகிவிடும்?' என்பதற்குப் பதிலை சென்னிமலைக்குத் தெற்கே நொய்யலில் பார்க்கலாம்.

அங்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. விவசாயத்துக்காகக் கட்டி, 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால், மேலே திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து வந்த கழிவு அணைக்குள் தேங்கியது. 'எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்' என்று அணை கேட்ட விவசாயிகளே, 'இந்தத் தண்ணீர் வேண்டாம்' என்று நீதிமன்றப் படி ஏறினார்கள். கிணறுகள் உப்பாயின, நிலங்கள் கெட்டன. 2011 ஜனவரியில், கழிவை முழுவதும் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆயிரக்கணக்கானோரின் வேலை ஒரே நாளில் கேள்விக்குறியானது.

ஒரு பக்கம் வேலை, மறு பக்கம் ஆறு. துணியின் நிறத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கணக்கு இருக்கிறது. கிழிந்த போர்வையைத் தூக்கி எறியாமல் இன்னொரு பொருளாக்கினால், புதிதாகச் சாயம் போடவேண்டிய துணி ஒரு முழமாவது குறையும்.

வாங்கும்போது கவனிக்க...

சென்னிமலையில் போர்வை வாங்குவதாக இருந்தால் கூட்டுறவு விற்பனை நிலையங்களைத் தேடிப்போவது நல்லது. 2006-லிருந்து வழக்கத்தில் இருக்கும் கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். துணியைத் திருப்பிப் பார்த்தால், கைத்தறியில் இழைகள் மெஷின் போட்டதுபோல ஒரே சீராக இருக்காது. அங்கங்கே சின்ன ஏற்ற இறக்கம் தெரியும். அது குறையல்ல, கையெழுத்து. 'இது கைத்தறியா, விசைத்தறியா?' என்று கடையில் வாய்விட்டுக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்பவர்கள் கூடினால்தான் சொல்பவர்களும் சரியாகச் சொல்வார்கள்.

தைப்பதற்குத் துண்டுத் துணி வேண்டுமென்றால் ஈரோடு பக்கம்தான். அங்கே கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கும் வாரச் சந்தை, தென்னிந்திய ஜவுளி வியாபாரிகளுக்கெல்லாம் பழக்கமான இடம்.

ஈரோட்டிலிருந்து சென்னிமலை சுமார் 30 கி.மீ. ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் ஆகிய ஊர்களிலிருந்து பஸ் வசதி உண்டு. ரயிலில் வருபவர்களுக்கு அருகே ஈங்கூர் ரயில் நிலையம் இருக்கிறது என்றாலும், பெரும்பாலான ரயில்கள் நிற்பது ஈரோட்டில்தான். தைப்பூசத் தேரோட்டத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊர் நிரம்பி வழியும். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் சாதாரண நாளில் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். குளிர்காலத்தில் வந்தால், வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகலாம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது.

சென்னிமலையிலிருந்து ஒரு போர்வை வாங்கினால், அது முதல் பத்து வருடம் கட்டிலில் கிடக்கட்டும். அடுத்த பத்து வருடம் குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் மடிந்து கிடக்கட்டும். அதற்குப் பிறகு, அதில் நல்லதாக மிஞ்சும் ஒன்றரை முழத் துணி, வெண்டைக்காய்ப் பூக்களோடு சுவரில் ஏறட்டும். நெய்தவரின் கை உழைப்பு அத்தனை காலம் தாங்கும். அந்தக் கைக்கு அடுத்த பாவு கிடைக்க வேண்டுமென்றால், அதற்குள் இன்னொரு போர்வை வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்!